எல்லாம் சேர்த்து ஒரே ரேட்: பிள்ளைகளோடு ரிசார்ட் போகிறவர்கள் என்னிடம் கேட்கும் கேள்விகள்

பாரிமுனையில் ஒரு கிளியரிங் ஏஜென்சியில் பில் சரிபார்ப்பது என் வேலை. கன்டெய்னருக்கு 'ஆல் இன்' ரேட் என்று வாயால் சொல்லிவிட்டு பில்லில் நாலு வரி கூடுதலாகப் போடுவதைப் பதினான்கு வருடமாகப் பார்த்து வருகிறேன். அதனாலோ என்னவோ, விடுமுறைக்கு ரிசார்ட் பார்க்கும் பொறுப்பும் என் தலையில் விழுந்தது. முதலில் எங்கள் வீட்டுக்கு, அப்புறம் நாத்தனார் வீட்டுக்கு, இப்போது தண்டையார்பேட்டையில் எங்கள் தெருவில் பாதிப் பேருக்கு.

கேட்கிற ஆள் மாறினாலும் கேள்வி மாறுவதில்லை. அதனால் அவர்கள் கேட்ட மாதிரியே எழுதி, பதிலையும் போட்டுவைக்கிறேன். நடுவில் வரும் ரிசார்ட் விலைகள் கணக்குப் புரிவதற்காக நானே போட்டவை. அந்த விலைக்கு அறை கேட்டு யாரும் என்னிடம் வராதீர்கள்.

அக்கா, ஆல் இன்க்ளூசிவ்னா இன்னா? உள்ள போயிட்டா எல்லாமே ஃப்ரீயா?

எதுவும் ஃப்ரீ இல்லை. முன்னாடியே மொத்தமாக வாங்கிவிடுகிறார்கள், அவ்வளவுதான். இந்த முறையைப் பெரிய அளவில் பரப்பியது கிளப் மெட் என்ற பிரெஞ்சு நிறுவனம். 1950-இல் ஸ்பெயினின் மயோர்க்கா தீவில் கூடாரம் போட்டு ஆரம்பித்தார்கள். தங்க இடம், சாப்பாடு, விளையாட்டு எல்லாம் ஒரே காசில்.

நம் பக்கத்தில் அந்த அர்த்தத்தில் நடக்கும் ரிசார்ட் குறைவு. இங்கே அந்தப் பெயரில் விற்பது பெரும்பாலும் அறை, மூன்று வேளைச் சாப்பாடு, நீச்சல் குளம். தண்ணீர் பாட்டில், சாயங்கால பஜ்ஜி, படகு, சைக்கிள் எல்லாம் தனிக்காசாக இருக்கலாம். நான் பார்ப்பது ஒன்றே ஒன்றுதான்: கேட்டுக்குள் நுழைந்து வெளியே வரும்வரை கை எத்தனை தடவை பர்ஸுக்குப் போகும்? அதை வீட்டில் உட்கார்ந்தே எண்ணிவிட முடிந்தால் அந்த இடத்தைப் பரிசீலிப்பேன். "அங்க வந்து பாத்துக்கலாம் மேடம்" என்றால் போனை வைத்துவிடுவேன்.

சி.பி., எம்.ஏ.பி., ஏ.பி.ன்னு ஏதோ ஏலம் மாதிரி போட்டிருக்கான். எதை எடுக்கறது?

ஹோட்டல்காரர்களின் சுருக்கெழுத்து அது. ஈ.பி. என்றால் அறை மட்டும். சி.பி. என்றால் அறையும் காலை டிபனும். எம்.ஏ.பி. என்றால் காலை டிபனோடு மதியமோ ராத்திரியோ ஒரு வேளைச் சாப்பாடு. ஏ.பி. என்றால் மூன்று வேளையும். காட்டுப் பக்கம் போனால் 'ஜங்கிள் பிளான்' என்று ஒன்று உண்டு; மூன்று வேளையோடு சஃபாரியும் சேரும். கர்நாடக அரசின் ஜங்கிள் லாட்ஜஸ் அப்படித்தான் விற்கிறது. அங்கே விலை அறைக்கு இல்லை, ஆளுக்கு. அறைக்கென்று நினைத்து ஏமாந்தவர் எங்கள் தெருவிலேயே இருக்கிறார்.

எதை எடுப்பது என்பதற்கு அடுத்த கேள்வியைப் பாருங்கள்.

மூணு வேளையும் சேர்த்து எடுத்தா லாபமா, ரூம் மட்டும் எடுத்துட்டு வெளிய சாப்ட்டா லாபமா?

முதலில் ரிசார்ட் வாசலில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். மாமல்லபுரம் ஊருக்குள் என்றால் நடந்துபோகும் தூரத்தில் நாலு மெஸ் இருக்கும், சி.பி. போதும். மலைமேல், தோப்புக்குள், மெயின் ரோட்டிலிருந்து மூன்று கிலோமீட்டர் உள்ளே என்றால் சாப்பாட்டோடு எடுங்கள். இல்லாவிட்டால் ராத்திரி எட்டு மணிக்குத் தூங்கிவழியும் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு ஆட்டோ தேட வேண்டிவரும்.

ஒரு கணக்கு. பஃபே பெரியவர்களுக்கு 800, பிள்ளைக்கு 400 என்று வையுங்கள். எங்கள் வீட்டில் நான், வீட்டுக்காரர், ஒன்பது வயதுப் பையன், நாலு வயதுப் பெண். நாலு வயதுக்குக் காசில்லை என்றால் ஒரு வேளைக்கு 2,000, மதியமும் ராத்திரியும் சேர்த்து 4,000. சி.பி.யை விட ஏ.பி. 3,000 ரூபாய்தான் கூடுதல் என்றால் ஆயிரம் லாபம் போலத் தெரியும். ஆனால் நடப்பது வேறு. விடுமுறையில் பிள்ளைகள் எழுந்து வருவதே ஒன்பதரை மணிக்கு. பத்து மணிக்குப் பூரியும் தோசையும் தின்றவன் ஒரு மணிக்குச் சாப்பிடுவானா? மதிய பஃபேயில் என் பையன் இரண்டு அப்பளமும் ஒரு குலாப்ஜாமூனும் தின்றதற்கு 400 ரூபாய்.

அதனால் பிள்ளைகள் உள்ள வீட்டுக்கு என் தேர்வு எம்.ஏ.பி., அதிலும் ராத்திரிச் சாப்பாடு. மதியம் பசித்தால் ஒரு தயிர்சாதமோ நூடுல்ஸோ தனியாக வாங்கினால் தீர்ந்தது.

ஒரு நைட், ரெண்டு நாள்னு போட்டிருக்கான். ரெண்டு நாளும் முழுசா இருக்கலாம்ல?

முடியாது. பெரும்பாலும் மதியம் 2 மணிக்கு அறை தருவார்கள், மறுநாள் 11 மணிக்குக் காலி செய்ய வேண்டும். மொத்தம் 21 மணி நேரம். அதில் ஒன்பது மணி நேரம் தூக்கம். இரண்டு நைட் எடுத்தால் 45 மணி நேரம் கிடைக்கும். ஒரு நாளாவது முழு நாளாக இருக்கும். ஒரு நைட் என்றால் அந்தக் காசுக்கு நான் போகமாட்டேன். ஈ.சி.ஆர். ரிசார்ட் சிலவற்றில் காலையில் போய் சாயங்காலம் திரும்பும் 'டே அவுட்டிங்' இருக்கிறது. மதியச் சாப்பாடு, டீ, குளம் எல்லாம் அதிலேயே வந்துவிடும்.

கூடவே ஒன்று கேளுங்கள்: சாப்பாடு எந்த வேளையில் ஆரம்பித்து எந்த வேளையில் முடிகிறது? ஏ.பி. என்றால் போன அன்று மதியத்திலிருந்தா, ராத்திரியிலிருந்தா? கிளம்பும் நாள் மதியச் சாப்பாடு உண்டா? இதை வாட்ஸ்அப்பில் எழுத்தாக வாங்கிவையுங்கள்.

பசங்களுக்கு எத்தனை வயசு வரைக்கும் காசு கிடையாது?

பொது விதி கிடையாது; ஒவ்வொரு இடமும் ஒவ்வொரு மாதிரி. பரவலாக இருப்பது ஐந்து வயது வரை இலவசம், ஆறிலிருந்து பன்னிரண்டு வரை பாதி மாதிரி ஒரு தொகை, அதற்கு மேல் பெரிய ஆள் கணக்கு. ஆனால் 'இலவசம்' என்பது படுக்கைக்கா, சாப்பாட்டுக்குமா என்பதில்தான் சண்டை வரும். 'கூடுதல் படுக்கை இல்லாத குழந்தை' என்று போட்டு டிபனுக்குத் தனியாகப் பிடிக்கும் இடங்கள் உண்டு. இன்னொன்று, ஓர் அறைக்கு ஒரு குழந்தைதான் இலவசம் என்று வைத்திருப்பார்கள். இரண்டாவது குழந்தை எதுவென்று நம்மைக் கேட்கமாட்டார்கள்; காசு வாங்கத் தோதானதுதான் இரண்டாவது.

ரயிலுக்கு விதி தெளிவாக இருக்கிறது. ஐந்து வயது ஆகாத குழந்தைக்கு டிக்கெட் வேண்டாம், படுக்கை கேட்காத வரை. ஐந்து முடிந்து பன்னிரண்டு ஆகாத பிள்ளைக்குப் படுக்கை இல்லாமல் பாதி, படுக்கை வேண்டுமானால் முழு டிக்கெட். முன்பதிவு இப்போது 60 நாளைக்கு முன்னால்தான் திறக்கிறது. 120 நாள் என்ற பழைய ஞாபகத்தில் இருப்பவர்கள் மாற்றிக்கொள்ளுங்கள்.

வரியெல்லாம் சேர்த்துதான ரேட் சொல்றாங்க?

கேட்டால்தான் சொல்வார்கள். 2025 செப்டம்பர் 22 முதல் ஒரு நாள் அறை வாடகை 7,500 ரூபாய் வரை இருந்தால் ஜி.எஸ்.டி. 5 சதவீதம், அதைத் தாண்டினால் 18. இந்த எல்லைக்கோட்டைக் கவனிக்காமல் பலர் விடுகிறார்கள். 7,400 ரூபாய் அறை வரியோடு 7,770. 7,600 ரூபாய் அறை வரியோடு 8,968. விலையில் 200 ரூபாய் வித்தியாசம், கையிலிருந்து போவது 1,198. ஆகவே 7,500-ஐ ஒட்டி ரேட் வந்தால் "வரியோட மொத்தம் எவ்ளோ?" என்பதுதான் முதல் கேள்வியாக இருக்க வேண்டும்.

சர்வீஸ் சார்ஜ் வேறு விஷயம். அது வரி இல்லை. நம்மைக் கேட்காமல் பில்லில் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் சொன்னது. டெல்லி உயர்நீதிமன்றம் 2025 மார்ச்சில் அதை உறுதி செய்தது. எடுக்கச் சொன்னால் எடுத்துவிடுவார்கள். பரிமாறிய பையன் கையில் நேராக நூறு ரூபாய் வைப்பது என் வழக்கம்.

நம்ம ஏரியாலேர்ந்து எங்க போறது சௌகரியம்?

நாம் ஊரின் வடக்கு முனையில் இருக்கிறோம், ரிசார்ட்டெல்லாம் தெற்கே. தண்டையார்பேட்டையிலிருந்து மாமல்லபுரம் அறுபது கிலோமீட்டர் சொச்சம்தான், சனிக்கிழமை காலையில் ராஜாஜி சாலை, கடற்கரை, அடையாறு, திருவான்மியூர் என்று ஊரை அறுத்துக்கொண்டு போவதற்குள் பிள்ளைகள் இரண்டு தடவை "வந்துடுச்சா?" கேட்டு ஒரு தடவை வாந்தி எடுத்துவிடும். எண்ணூர், மணலி, மீஞ்சூர் பக்கத்து ஆட்கள் மீஞ்சூர் - வண்டலூர் வெளிவட்டச் சாலையைப் பிடியுங்கள். 62 கிலோமீட்டர், தூரம் கூட, ஆனால் நிற்காமல் ஓடும். வண்டலூரிலிருந்து கேளம்பாக்கம் வழியாகக் கடற்கரைப் பக்கம் இறங்கிவிடலாம்.

ரயில் என்றால் நமக்குப் பெரம்பூர் இருக்கிறது, சென்ட்ரல் கூட்டத்தில் இடிபட வேண்டாம். ஏலகிரிக்கு ஜோலார்பேட்டையில் இறங்கினால் அங்கிருந்து 14 கொண்டை ஊசி வளைவுதான். ஏற்காட்டுக்குச் சேலம். விமானம் என்றால் இன்னும் சுலபம். 2021-இல் விம்கோ நகர் வரை மெட்ரோ வந்த பிறகு விமான நிலையத்துக்கு வண்டி மாறாமல் போகிறோம்.

பழவேற்காடு பக்கம்தானே என்று கேட்பவர்களுக்கு: ஏரி உண்டு, குளிர்காலத்தில் பூநாரை உண்டு, டச்சுக்காரர் கல்லறை உண்டு. காலையில் போய் சாயங்காலம் வர நல்ல இடம். நீங்கள் கேட்கிற ரிசார்ட் விடுமுறைக்கு அது ஆகாது.

மே மாசம் போலாமா, அரையாண்டு லீவுல போலாமா?

இரண்டிலும் ஒவ்வொரு வில்லங்கம். மே மாதம் என்றால் அக்னி நட்சத்திரம். கடலோர ரிசார்ட்டில் காலை பத்து மணியிலிருந்து நாலரை வரை குளத்துப் பக்கம் கால் வைக்க முடியாது, ஏ.சி. அறையில் டி.வி. பார்க்க அவ்வளவு காசு கொடுக்கிறோம் என்று அர்த்தம். மலைக்குப் போகலாமென்றால் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் 2024 மே 7 முதல் வண்டிக்கு இ-பாஸ் வேண்டும். அறை பதிவு செய்ததும் முதல் வேலையாக அதைப் பாருங்கள்.

மீன் பிரியர்களுக்கு ஒரு சங்கதி. காசிமேட்டுக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை: ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் கிழக்குக் கடற்கரையில் விசைப்படகு கடலுக்குப் போகாது. அந்த நேரத்தில் ஈ.சி.ஆர். ரிசார்ட்டில் 'சீ ஃபுட் நைட்' என்று வஞ்சிரத்தை அடுக்கிவைத்தால், அது எங்கிருந்து வந்தது, எத்தனை நாள் ஐஸில் கிடந்தது என்று யோசியுங்கள். நாட்டுப்படகு மீன் கொஞ்சம் வரும், அது பஃபேக்குக் காணாது. கேரளத்தில் தடை ஜூன் இரண்டாவது வாரம்தான் ஆரம்பித்து ஜூலை கடைசி வரை போகும். மே மாதம் மீனுக்காகவே போகிறீர்கள் என்றால் ஆலப்புழைப் பக்கம் போங்கள்.

டிசம்பர் குளிர்ச்சி, ஆனால் புயல். 2022-இல் மாண்டஸ் டிசம்பர் 9 ராத்திரி மாமல்லபுரத்தை ஒட்டியே கரை கடந்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் நம் ஏரியாவை என்ன பாடு படுத்தியது என்று உங்களுக்கே தெரியும். அரையாண்டுத் தேர்வே தள்ளிப்போனது. 2024-இல் ஃபெஞ்சல் நவம்பர் 30 அன்று புதுச்சேரி அருகே. அதனால் நவம்பர், டிசம்பருக்குப் பதிவு செய்தால் நூறு இருநூறு கூட ஆனாலும் ரத்து செய்யக்கூடிய ரேட்டையே எடுங்கள். என்னைக் கேட்டால் பொங்கல் கூட்டம் ஓய்ந்த பிறகு ஜனவரி கடைசி, பிப்ரவரி. பள்ளிக்கு ஒரு நாள் லீவு போட்டால் ஒன்றும் குடிமுழுகாது, பத்தாவதும் பிளஸ் டூவும் வீட்டில் இல்லாத வரை.

என் பையன் ரசம் சோறு தவிர எதையும் தொடமாட்டான். பஃபேல அதெல்லாம் இருக்குமா?

பஃபேயில் நாற்பது வகை என்று போடுவார்கள். அதில் ரசம் இருக்கும், குழைந்த சாதம் இருக்காது. நேராகச் சமையல்காரரிடம் போய்ச் சொல்லுங்கள். காலை டிபன் நேரத்திலேயே, "ராத்திரி ஏழு மணிக்குக் குழைவா கொஞ்சம் சாதம், காரமில்லாத ரசம்" என்றால் பெரும்பாலும் செய்து கொடுப்பார்கள். ரிசப்ஷனில் சொன்னால் அது சமையலறைக்குப் போய்ச் சேராது. ராத்திரி பஃபே பல இடங்களில் எட்டு மணிக்குத்தான் திறக்கும். நாலு வயதுக் குழந்தைக்கு அது தூங்கும் நேரம். முன்பதிவின்போதே ஏழுக்குத் தர முடியுமா என்று கேளுங்கள்.

வெளிச் சாப்பாடு உள்ளே விடமாட்டார்கள். குழந்தைச் சாப்பாட்டுக்கு யாரும் தடை சொல்லி நான் பார்த்ததில்லை. சத்துமாவு, பருப்புப்பொடி, ஒரு சின்ன பாட்டில் நெய் எப்போதும் என் பையில் இருக்கும். அறையில் கெட்டில் இருந்தால் அதில் பாலைக் காய்ச்சாதீர்கள், அடிப்பிடித்து அடுத்தவன் டீயில் நாறும். வெந்நீர் மட்டும். பால் சமையலறையிலிருந்து.

புரட்டாசில போனா?

ரேட் இறங்குவதில்லை, நீங்கள் தொடாத கறிக்கும் சேர்த்துத்தான் காசு. சி.பி. எடுத்துக்கொண்டு மற்றதை வெளியே பாருங்கள். அல்லது ஐப்பசி வரட்டும்.

கைக்குழந்தைக்கு ரூம்ல தூளி கட்ட விடுவாங்களா?

ரிசார்ட் கூரையில் கொக்கி கிடையாது. ஃபேன் கம்பியில் புடவையைக் கட்டலாமா என்று ஒரு பெரியம்மா கேட்டார். தயவுசெய்து வேண்டாம், அந்தக் கம்பி ஃபேனைத் தாங்கத்தான். மடக்கும் தொட்டில் ஸ்டாண்டு இருந்தால் காரில் போட்டுக்கொண்டு போங்கள், நைந்த பருத்திப் புடவை ஒன்றும் கூடவே. அவர்கள் தரும் மரக்கட்டிலில் தூளிக்குப் பழகிய குழந்தை தூங்காது. எங்கள் சின்னது ஒரு ராத்திரி முழுக்க என் வீட்டுக்காரர் தோளிலேயே கிடந்தாள். மறுநாள் அவர் குளத்தைக்கூட எட்டிப் பார்க்கவில்லை.

நைட்டியோட பூல்ல இறங்கினா இன்னா தப்பு?

தப்பு ஒன்றும் இல்லை, விடமாட்டார்கள். பருத்தித் துணியின் நூலும் சாயமும் பில்டரில் அடைக்கும் என்பது அவர்கள் சொல்லும் காரணம். நனைந்த நைட்டி காலைச் சுற்றும் என்பது நான் சொல்லும் காரணம். நைலான், லைக்ரா துணி வேண்டும். அங்கே வாடகைக்குத் தருவார்கள், அதற்கும் பர்ஸ் திறக்கும். உடம்பு முழுக்க மூடும் முழுக்கை, முழுக்கால் நீச்சல் உடை எம்.சி. ரோட்டில் கேட்டுப் பாருங்கள். போகிற அன்று ரிசார்ட் கடையில் வாங்குவதைவிட எப்படியும் மலிவு.

லைஃப் கார்டு இருக்காரே, பசங்கள தண்ணில விட்டுட்டு நாம உக்காந்துக்கலாம்ல?

இந்த ஒரு கேள்விக்கு நான் சிரித்துப் பேசமாட்டேன். உட்காராதீர்கள். என் பெண் மூன்று வயதில் பிள்ளைகள் குளத்தின் படியில் உட்கார்ந்து காலாட்டிக்கொண்டிருந்தாள். நான் ஒரு கை தூரத்தில் துண்டை மடித்துக்கொண்டிருந்தேன். திரும்பியபோது படியில் ஆள் இல்லை. தண்ணீருக்குக் கீழே கண்ணைத் திறந்தபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். சத்தமில்லை, கை கால் அடிக்கவில்லை. தூக்கிய பிறகுதான் அழுதாள். குளத்துக்காரர் பத்தடி தள்ளி இலை அள்ளிக்கொண்டிருந்தார். அவர் மேல் எனக்குக் கோபமே இல்லை, அவர் வேலை குளத்தைச் சுத்தம் செய்வது. பல இடங்களில் லைஃப் கார்டு என்று நாம் நினைப்பது அந்த ஆளைத்தான்.

ஆகவே பதிவு செய்யும்போதே கேளுங்கள்: பிள்ளைகள் குளம் தனியா, பெரிய குளத்தின் ஒரு மூலையா? ஆழம் எத்தனை அடி? காப்பாற்றத் தெரிந்த ஆள் எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை? காற்றடித்த கைவளையம் விளையாட்டுச் சாமான், அதை நம்பாதீர்கள். வீட்டில் பெரியவர்கள் அரை மணிக்கு ஒருவர் என்று முறை போட்டுக்கொள்ளுங்கள். முறையில் இருப்பவர் கையில் போன் கூடாது. ரிசார்ட் வாசலில் கடல் இருந்தால் அது பார்க்கத்தான். நம் கடல் எப்படி இழுக்கும் என்று காசிமேட்டிலும் திருவொற்றியூரிலும் பிறந்தவர்களுக்கு நான் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

கிட்ஸ் கிளப்ல விட்டுட்டு நாங்க ரெண்டு பேரும் கொஞ்ச நேரம்...

புரிகிறது, வெட்கப்பட வேண்டாம். அது எத்தனை வயதுக்கு, எத்தனை மணி வரை, பார்த்துக்கொள்ள ஆள் உண்டா என்று கேளுங்கள். நான்கு வயதுக்குக் கீழே பெற்றோர் கூட இருக்கச் சொல்லும் இடங்கள் உண்டு. படத்தில் பெரிய கிட்ஸ் கிளப் காட்டிய ஓரிடத்தில் நேரில் போனால் பூட்டு, திங்கள்கிழமை விடுமுறையாம். ஒன்பது வயதுக்கு மேல் உள்ளவர்களுக்குக் கிட்ஸ் கிளப்பே அவமானம். அவர்களுக்குக் கேரம், டேபிள் டென்னிஸ் இருக்கிறதா பாருங்கள். ஸ்டிரைக்கர் இல்லாத கேரம் போர்டுதான் முக்கால்வாசி ரிசார்ட்டில் கிடக்கும். 2024-இல் கேரம் உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வென்ற காசிமாவின் புதுவண்ணாரப்பேட்டையிலிருந்து போகிற பிள்ளைகளுக்கு இதைவிட என்ன கொடுமை வேண்டும்? ஸ்டிரைக்கரும் பவுடரும் வீட்டிலிருந்தே எடுத்துப் போகிறோம்.

மாமியாரும் வராங்க அக்கா. முட்டி வலி.

தரைத்தள அறை. சாப்பாட்டுக் கூடத்துக்குப் பக்கத்தில். 'வில்லா' என்று ஆசைப்பட்டால் மூன்று வேளையும் அரை பர்லாங் நடக்க வேண்டும், பேட்டரி வண்டி கூப்பிட்ட நேரத்துக்கு வராது. குளியலறையில் பிடித்துக்கொள்ளக் கம்பி இருக்கிறதா என்று படம் அனுப்பச் சொல்லுங்கள். மூன்றாவது ஆளுக்கான கட்டணம் மெத்தைக்கா, கட்டிலுக்கா என்றும் கேளுங்கள். கீழே மெத்தை போட்டால் அத்தை எழுந்திருக்கமாட்டார்.

துறைமுகத்துலேர்ந்து சொகுசுக் கப்பல் போகுதே, அது எப்படி?

மிதக்கிற ரிசார்ட் அது. 2022 ஜூனில் சென்னைத் துறைமுகத்திலிருந்து கோர்டிலியா கப்பல் கிளம்பியபோது எங்கள் ஆபீஸே மாடியில் நின்று பார்த்தது. கப்பல் வருடம் முழுக்க இங்கே நிற்காது, வரும் பருவத்தில்தான் பிடிக்க வேண்டும். நமக்கு ஒரு சௌகரியம், வீட்டிலிருந்து ஆட்டோவிலேயே போய் ஏறலாம். அறை, சாப்பாடு, நிகழ்ச்சிகள் டிக்கெட்டில் சேரும். குடிவகை, கரையில் சுற்றுவது தனி. விளம்பர விலைக்கு மேல் துறைமுகக் கட்டணமும் வரியும் உண்டா என்று கேட்டு மொத்தத்தைப் பாருங்கள். ஜன்னல் இல்லாத உள்ளறைதான் மலிவு. பிள்ளைகள் அதில் அடைந்து கிடக்காது, மேல்தளத்திலேயே இருக்கும் என்பதால் அதுவே போதும். காரில் வாந்தி எடுக்கும் குழந்தை என்றால் டாக்டரிடம் மாத்திரை கேட்டு வாங்கிக்கொண்டு ஏறுங்கள்.

மாலத்தீவுல எல்லாம் சேர்த்து ஒரு பேக்கேஜ் மலிவா வருது. நம்பலாமா?

அங்கே நிஜமாகவே எல்லாம் சேர்ந்த ரிசார்ட்டுகள் உண்டு. ஆனால் மூன்று இடத்தில் பணம் கசியும். முதலாவது, மாலே விமான நிலையத்திலிருந்து தீவுக்குப் போகும் செலவு. தள்ளியிருக்கும் தீவுக்குக் கடல் விமானம். அது பகலில்தான் பறக்கும். சாயங்காலம் போய் இறங்கினால் ஒரு ராத்திரி மாலேவிலேயே தங்க வேண்டும், அந்தக் காசு உங்கள் தலையில். இரண்டாவது, பசுமை வரி. 2025 ஜனவரி முதல் ரிசார்ட்டில் ஆளுக்கு ஒரு ராத்திரிக்கு 12 டாலர். இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்குத்தான் விலக்கு. நாலு பேர், மூன்று ராத்திரி என்றால் 144 டாலர்.

மூன்றாவது, சாராயம். அங்கே 'ஆல் இன்க்ளூசிவ்' விலையில் பெரும்பங்கு அதற்குத்தான். வீட்டில் யாரும் தொடமாட்டீர்கள் என்றால் 'ஃபுல் போர்டு' கேளுங்கள். முன்னே சொன்ன ஏ.பி. போல மூன்று வேளைச் சாப்பாடு மட்டும். நமக்கு விசா அங்கே இறங்கியதும் இலவசமாகக் கிடைக்கும். ஆனால் கைக்குழந்தைக்கும் தனி பாஸ்போர்ட் வேண்டும், பிள்ளைகள் பாஸ்போர்ட் ஐந்து வருடத்துக்குத்தான் செல்லும். பழையதை எடுத்துத் தேதியைப் பாருங்கள்.

மால்ல கூப்பன் எழுதிப் போட்டோம், மூணு நாள் ரிசார்ட் ஃப்ரீன்னு போன் வந்துது. புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேரும் வரணுமாம்.

என் நாத்தனாருக்கும் வந்தது. ஒரு ஹோட்டல் ஹாலில் டீயும் சமோசாவும் கொடுத்து இரண்டரை மணி நேரம் பேசினார்கள். கணவன், மனைவி இருவரையும் கூப்பிடுவது, "வீட்ல கேட்டுச் சொல்றேன்" என்று நாம் நழுவக் கூடாது என்பதற்காக. 25 வருட உறுப்பினர் திட்டம், லட்சங்களில் விலை, "இன்னிக்கு கையெழுத்து போட்டாதான் இந்த ரேட்". போட்டார்கள். அப்புறம்தான் தெரிந்தது, வருடாவருடம் பராமரிப்புக் கட்டணம் தனி, சாப்பாடு தனி, மே மாதம் கேட்டால் அறை இல்லை. ஒழுங்காக நடத்துபவர்களும் இருக்கலாம். ஆனால் அன்றே கையெழுத்து கேட்கும் எதிலும் கையெழுத்து போடாதீர்கள். ஒப்பந்தத்தை வீட்டுக்கு எடுத்துவந்து படிக்க விடாதவரிடம் நான் டீகூடக் குடிக்கமாட்டேன்.

போன்ல பேசினவர் பாதிக் காசு ஜிபேல போடச் சொல்றாரு. போடலாமா?

கேட்பது சகஜம்தான். எந்தப் பெயருக்குப் போகிறது என்று பாருங்கள். ரிசார்ட் பெயர் ஒன்று, காசு வாங்கும் ஆள் பெயர் வேறு என்றால் நிறுத்துங்கள். நிஜ ரிசார்ட்டின் படங்களைப் போட்டுப் போலி நம்பர் வைத்து ஏமாற்றுவது இப்போது நிறைய. இரண்டு இடத்தில் நம்பரை ஒப்பிடுங்கள். ரிசார்ட்டை வீடியோ காலில் வந்து குளத்தைக் காட்டச் சொல்லுங்கள். உண்மையான ஆள் சலித்துக்கொண்டாவது காட்டுவார். ஏமாந்துவிட்டால் யோசித்துக்கொண்டு உட்காராமல் உடனே 1930-க்கு அடியுங்கள். சீக்கிரம் சொன்னால்தான் பணம் கைமாறும் முன்னே நிறுத்த வழி உண்டு.

சொன்னது ஒண்ணு, அங்க இருந்தது ஒண்ணு. கேரளால இருக்கற ரிசார்ட் மேல இங்கேர்ந்து இன்னா பண்ண முடியும்?

பண்ணலாம். முதலில் அங்கேயே மேனேஜரிடம் சொல்லி, அதையே வாட்ஸ்அப்பிலும் எழுதுங்கள்; படம் எடுங்கள்; பில்லை வாங்காமல் வராதீர்கள். வந்த பிறகு 1915, தேசிய நுகர்வோர் உதவி எண். அதிலும் நடக்காவிட்டால் நுகர்வோர் ஆணையம். 2019 சட்டப்படி புகார்தாரர் குடியிருக்கும் இடத்திலேயே வழக்குப் போடலாம். ரிசார்ட் எந்த ஊரில் இருந்தாலும் நமக்குச் சென்னை வடக்கு மாவட்ட ஆணையம் போதும். நீங்கள் கொடுத்த தொகை ஐந்து லட்சத்துக்குள் என்றால் கட்டணம் கிடையாது. இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். இதற்காகத்தான் எல்லாவற்றையும் எழுத்தில் வாங்கச் சொன்னேன். "போன்ல சொன்னாரு" என்றால் அங்கே எடுபடாது.

அண்ணன் தம்பி மூணு குடும்பம் சேர்ந்து போறோம். காசை எப்படிப் பிரிக்கறது, சண்டை வராம?

இதுதான் இருப்பதிலேயே கஷ்டமான கேள்வி. சமமாக மூன்றாகப் பிரித்தால், கைக்குழந்தை மட்டும் உள்ள தம்பிக்கு நஷ்டம். தலைக்கு இவ்வளவு என்றால், மூன்று பிள்ளை பெற்ற அண்ணி முகம் வாடும். நாங்கள் செய்வது: அறை வாடகையை அவரவர் அறைக்கு அவரவர். சாப்பாட்டை ரிசார்ட்டின் வயதுக் கணக்குப்படியே தலைக்கு. விதி அவர்களுடையது என்பதால் யார் மேலும் பழி விழாது. மாமியார் செலவும் வண்டிச் செலவும் மூன்றாக.

போவதற்கு ஒரு வாரம் முன்னால் ஆளுக்கு ஐயாயிரம் வாங்கி ஒரு கவரில் போட்டுச் சின்ன நாத்தனார் கையில் கொடுத்துவிடுவோம். தண்ணீர் பாட்டில், டிப்ஸ், வழியில் டீ, டோல் எல்லாம் அந்தக் கவரிலிருந்து. போன தடவை திரும்பி வரும்போது அதில் 340 ரூபாய் மிச்சம் இருந்தது. பர்மா பஜார் பக்கம் வண்டியை நிறுத்தி அத்தோ வாங்கிப் பங்கு போட்டோம். ரிசார்ட்டில் இரண்டு நாளாக எதையும் ஒழுங்காகத் தின்னாத என் பையன் அங்கேதான் இரண்டாவது தட்டு கேட்டான்.